கை மாறிய கல்

சென்ற மார்ச் மாதம் எங்கள் பாசனத் துறை ஊழியர்களை ஃபிரெஸ்னோ நகரத்து ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப்போய் வட்டமாக உட்காரவைத்தார்கள். ஒருவர் பேசுவதை மற்றவர் காது கொடுத்துக் கேட்கப் பழக வேண்டுமாம். பயிற்சி தர வந்தவள் சின்னப் பெண். துணிப்பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தாள்.

"இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசணும். மத்தவங்க குறுக்க பேசக்கூடாது. ரொம்பப் பழைய முறை இது" என்றாள்.

நான் பிறந்த இடத்தில் ஆடு வாங்குவதிலிருந்து கக்கூஸ் குழி தோண்டுவது வரை எல்லாமே ஒரு கல்லைச் சுற்றவிட்டுத்தான் முடிவானது. அதை அவளிடம் சொல்லவில்லை. என் மேலதிகாரி கல்லை வாங்கிக்கொண்டு கார் நிறுத்த இடம் போதவில்லை என்றார். கணக்குப் பிரிவு வாலஸ் அலுவலகத்துக் குளிர்சாதனத்தைப் பற்றிச் சொன்னார். கல் என்னிடம் வந்தபோது சில்லென்று இருந்தது. யாரும் அதை அதிக நேரம் வைத்திருக்கவில்லை. நான் ஒன்றும் பேசாமல் அடுத்தவரிடம் கொடுத்தேன்.

"பேசாம இருக்கறதும் ஒரு பேச்சுதான்" என்று அந்தப் பெண் புன்னகைத்தாள்.

அந்த வாக்கியத்தையும் நான் பால்பல் விழும் வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் கெயில் தொலைபேசியில் கூப்பிட்டாள். வடக்கே மெண்டொசினோ மலைகளில் நான் பிறந்த இடத்தில் மிஞ்சியிருக்கும் மூன்று கிழங்களில் ஒருத்தி. மற்ற இருவர் டெல்லும் நோரீனும். ஒரு காலத்தில் நாற்பது பேருக்கு மேல் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துக் கூடி வாழ்ந்த இடம். அதற்குப் பெயர் வைப்பதற்காகப் பல வாரங்கள் கல்லைச் சுற்றவிட்டும் ஒத்துவராமல், கடைசியில் 'நிலம்' என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

"நோரீன் விழுந்துட்டா" என்றாள் கெயில். "இடுப்பு உடையல, தப்பிச்சா. ஆனா அடுப்புக் கதவத் தெறந்து போட்டுட்டு வெளிய போயிடறா. போன வாரம் பாய் கருகிப்போச்சு. கோடை வந்தா இந்த மலையில ஒரு பொறி போதும், உனக்கே தெரியும். தனியா இனிமே விடறதுக்கில்ல. டவுன்ல முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. இல்லன்னா எங்களால முடிஞ்ச வரைக்கும் இங்கயே பாத்துக்கறோம். இல்லன்னா உன் வீடு. வியாழக்கிழம வட்டம் கூடுது. வந்துரு."

"நோரீன் என்ன சொல்றா?"

"வட்டத்துல சொல்லுவா. அதுக்குத்தான வட்டம்."

நோரீன் என்னைப் பெற்றவள். நிலத்தில் யாரும் யாரையும் அம்மா என்று கூப்பிடக்கூடாது. பிள்ளைகள் எல்லோருக்கும் பொது. கூப்பிடுகிற சொல்லில்தான் சொந்தம் கொண்டாடுவது தொடங்குகிறது என்று முடிவு செய்திருந்தார்கள். எனக்கு ஜூனிப்பர் என்று பெயர். ஃபிரெஸ்னோவில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது என் அப்பா வாரன் அதை ரஸ்ஸல் என்று மாற்றினார். அங்கே அவர் கட்டிக்கொண்ட இரண்டாம் மனைவியை, அவள் வந்த சில நாட்களிலேயே அம்மா என்று அழைத்தேன். அந்தச் சொல் அத்தனை எளிதாக வாயில் வந்தது. நோரீனுக்கு இதை நான் சொன்னதே இல்லை.

கிராசியேலாவிடம் கெயில் சொன்னதைச் சொன்னேன். என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே எழுந்துபோய் எங்கள் மகளின் பழைய அறைக் கதவைத் திறந்து உள்ளே நின்று பார்த்தாள். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அறைச் சுவருக்கு வெளிர்மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ வருவாளான்னே தெரியாது" என்றேன்.

"அங்க போய், 'வரீங்களா'ன்னு கேக்கப் போறியா?"

"கேக்காம எப்படி?"

"எங்க வீட்ல எங்க பாட்டிய யாரும் கேக்கல. மாமாங்க நாலு பேர் போனாங்க, நாற்காலியோட தூக்கி வண்டியில வச்சாங்க. எங்க ஊர் லோடி வர்றவரைக்கும் திட்டிட்டே வந்துது. அப்பறம் பதினோரு வருஷம் ராணி மாதிரி இருந்துது." தூரிகையை டப்பாவில் வைத்தாள். "ரஸ், கேக்காத. சொல்லு. வான்னு சொல்லு. ஒரு சொல்லுதான்."

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினேன். வழியெல்லாம் அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு போனேன். வா, நோரீன். எங்களோட வந்துரு. ரூம் தயாரா இருக்கு. மூன்று வாக்கியம். நெடுஞ்சாலையில் அவை சுலபமாக இருந்தன. மலைப்பாதை வளைந்து ஏறத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கனத்தன.

அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். எனக்கு வயது ஏழு. நல்ல மழைக்காலம். அப்பாவுக்கு நிலத்து வாழ்க்கை அலுத்துப்போயிருந்தது. அவருடைய அண்ணன் ஃபிரெஸ்னோவில் டயர் கடை வைத்திருந்தார், அங்கே போவதாக முடிவெடுத்துவிட்டார். நான் யாரோடு இருப்பது என்பதற்கு வட்டம் கூடியது. வட்டம் எப்போதும் பெரிய கூண்டுக்கூடாரத்தில்தான் நடக்கும். முக்கோண முக்கோணமாகப் பலகை பொருத்திக் கவிழ்த்த கிண்ணம்போல் அவர்களே கட்டியது. கட்டிய நாளிலிருந்து ஒழுகியது. ஒழுகும் இடங்களில் எல்லாம் வாளிகள் வைத்து, வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் உலகத்தை எப்படித் திருத்துவது என்று பேசுவார்கள்.

குழந்தை ஒரு முழு மனிதன். அவனை யாரும் பிடித்து வைக்கக்கூடாது, யாரும் தள்ளிவிடவும் கூடாது, அவனே சொல்லட்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. கல் இடப்பக்கமாகச் சுற்றிவந்தது. அப்பா தன் முறையில் டயர் கடையைப் பற்றிச் சொன்னார். வரிசையில் எனக்கு முந்திய இடத்தில் நோரீன் உட்கார்ந்திருந்தாள். கல் அவள் கைக்குப் போனது. அவள் பேசவில்லை. கல்லை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். வாளிகளில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரு என்று சொன்னால் இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நெடுநேரம் கழித்துக் கல்லை என் மடியில் வைத்தாள். கோழிக்கு அடியிலிருந்து எடுத்த முட்டைபோலச் சூடாக இருந்தது.

அப்பாவிடம் ஒரு பழுப்பு நாய் இருந்தது. அதன் பெயர் பிஷப். நான் சொன்னேன்: "பிஷப் எங்க போறானோ அங்க நானும் போறேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் 'ம்ம்ம்' என்று நீளமாக முனகினார்கள். ஒப்புக்கொண்டதற்கு எங்களிடம் இருந்த ஓசை அது. நோரீனின் ஓசையும் அதில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது தனியாகக் கேட்டது.

ஓடைமேல் இருந்த மரப்பாலத்தைத் தாண்டி வண்டியை நிறுத்தியபோது டெல் கோடாலியோடு நின்றிருந்தான். எண்பதைத் தாண்டியவன். தாடி மட்டும் இன்னும் இளமையில் இருந்த அளவிலேயே இருக்கிறது.

"வாடா பட்டணத்தான்" என்றான். "வண்டியப் பாரு, கண்ணாடி மாதிரி. எலிக்குப் பயந்து உள்ளயே தூங்குவியா?"

"நீ எப்படி இருக்க டெல்?"

"பாதி செத்துட்டேன். மீதிய வச்சு விறகு வெட்டறேன்."

வட்டத்துக்கு அதே கூண்டுக்கூடாரம். ஆனால் இப்போது ஒழுகுவதில்லை. கீழ்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஓர் இளம் தம்பதி புதுக்கூரை போட்டு, வெள்ளையடித்து, சனி ஞாயிறுகளில் மௌன முகாம் நடத்துகிறார்கள். கணினி நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுப் போகிறார்கள். வாரநாட்களில் இவர்கள் மூவரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதி. வாசலில் ஒரு பலகை தொங்கியது: காலணிகளையும் கவலைகளையும் வெளியே விடவும்.

"செருப்ப வேணா விடறேன்" என்றான் டெல். "கவலைய வெளிய வச்சா எவனாவது தூக்கிட்டுப் போய் அதுக்கும் ஒரு முகாம் நடத்துவான்."

வெளிர்ந்த நிறத்தில் ஒரேமாதிரித் தலையணைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த ஜனங்கள் சொன்னதெல்லாம் ஒருவகையில் பலித்துத்தான் இருக்கிறது. இவர்கள் சுட்டுத் தின்ற முரட்டு ரொட்டி இன்று எங்கள் ஊர் அங்காடியில் தனி அலமாரியில் விற்கிறது. பூச்சிமருந்து ஆற்றில் கலக்கிறது என்று இவர்கள் அட்டை பிடித்து நின்றபோது எல்லோரும் சிரித்தார்கள். வாய்க்கால் நீரில் அந்த மருந்தை அளப்பதுதான் இன்றைக்கு என் உத்தியோகம். போர் வேண்டாம் என்றது சரி. மரத்தை வெட்டாதே என்றது சரி. இத்தனை விஷயத்தில் சரியாக இருந்தவர்கள் என்பதால்தான் தவறிய ஒன்றை நினைக்கும்போது கோபப்படவும் முடிவதில்லை. உலகம் எடுக்க எளிதானதை எடுத்துக்கொண்டது. மற்றதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டது.

நோரீன் ஊன்றுகோலோடு வந்தாள். சிறுத்துப்போயிருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், கழுத்து மெலிந்து பறவைக் கழுத்துப்போல் இருந்தது. தோய்த்து மடித்து வைத்திருந்த சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள்.

"இளைச்சிட்ட ஜூனிப்பர்."

"நீதான் இளைச்சிருக்க."

"எனக்கு வயசாயிடுச்சு. உனக்கு என்ன?" என்றபடி என் இடப்பக்கம் மெல்ல உட்கார்ந்தாள். கல் எந்த வரிசையில் வரும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கெயில், டெல், நான், பிறகு நோரீன்.

கெயில் கம்பளிப்பையிலிருந்து கல்லை எடுத்தாள். அதே கல். கறுப்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அவள் ஒரு காலத்தில் செவிலியாக இருந்தவள், சுற்றி வளைக்கமாட்டாள். "ராத்திரி தனியா விடக்கூடாது. மாத்திரைய மறக்கறா. நானும் டெல்லும் எவ்ளோ நாள் நிமிந்து நிப்போம்னு தெரியாது. இங்க இருந்தா வர்ற குளிர்காலத்தத் தாண்டுவா, அடுத்ததப் பத்தி சொல்ல முடியாது. வேற நல்ல இடம் ஏதாவது கெடச்சா நான் சந்தோஷப்படுவேன்."

"வேற இடம்னா, அந்த டவுன் இல்லத்துல ஜெல்லிதான் குடுப்பான். பச்ச ஜெல்லி, சேப்பு ஜெல்லி" என்றான் டெல்.

"டெல், கல்லு உன் கையில இல்ல. வாய மூடு."

"மூடிட்டேன் தாயே."

கல் அவன் கைக்கு வந்தது. தாடியைத் தடவினான். "நோரீனும் நானும் இருபது வருஷமா கோழி வலைய எந்தப் பக்கம் கட்டறதுன்னு சண்ட போட்டுட்டு இருக்கோம். இன்னும் முடியல" என்றான். பிறகு, "அவ்ளோதான்" என்று கல்லை என்னிடம் நீட்டினான்.

கல்லை வாங்கிக்கொண்டேன். எதிரே கெயில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே இல்லை. ஊசி போட்டுவிட்டு மருந்து ஏறுகிறதா என்று பார்ப்பவள்போல.

மூன்று வாக்கியங்களும் இருந்தன. முதல் சொல்லை எடுக்கப் போனபோது, நான் வா என்றால் அவள் எனக்காக வருவாள் என்று தோன்றியது. தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த மலையை விட்டு, எனக்காக, வெயில் கொளுத்துகிற ஊருக்கு. அப்படி ஒருத்தியைப் பிடுங்கி நட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் வாயால் வரட்டும். அதுதான் மரியாதை. இப்படி நினைத்தேன். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது: ஏழு வயதில் ஒருவன் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான், இவளும் கொஞ்சம் காத்திருக்கட்டுமே என்பது. அதை நான் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே காற்றில் ரெட்வுட் மரங்களின் சத்தம் வந்து வந்து அடங்கியது. கல் என் கைச்சூட்டை வாங்கிக்கொண்டே இருந்தது.

"இது நோரீனோட வாழ்க்க" என்றேன். "அவ எத முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம்."

கல்லை அவள் மடியில் வைத்தேன். கெயில் கண்களை மூடிக்கொண்டாள்.

நோரீன் கல்லின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். எடுத்து மறுகைக்கு மாற்றினாள். என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன், திரும்பவில்லை.

"இருக்கேன்" என்றாள். "இங்கயே."

டெல்தான் முதலில் முனகினான். சுதி சேராமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கெயில் சுருக்கமாக. நானும் ம்ம்ம் என்றேன்.

பிறகு பீன்ஸ் சூப் குடித்தோம். கெயில் என் கிண்ணத்தை ஓசையோடு வைத்தாள். டெல் மட்டும் உற்சாகமாக இருந்தான். இரவில் நோரீனைத் தனியாக விடக்கூடாது என்றால் தன் மெத்தையை அவள் குடிசை முன்னறைக்கே கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னான்.

"குறட்ட விடுவ" என்றாள் நோரீன்.

"விட்டாத்தான் நான் உயிரோட இருக்கேன்னு உனக்குத் தெரியும்."

நோரீனைக் கைத்தாங்கலாக அவள் குடிசைக்குக் கூட்டிப்போனேன். மேடு ஏறும்போது என் முழங்கையைப் பிடித்திருந்தாள். கதவைத் திறந்ததும் வேறு யாருடைய வீட்டுக்கோ வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. சுவர்கள் காலியாக இருந்தன. அலமாரியில் அவளுடைய மண் குவளைகள் இல்லை. படங்கள் மாட்டியிருந்த இடங்களில் வெளிர்ந்த சதுரங்கள். கதவோரம் நீலத் துணிப்பை ஒன்று வாய் கட்டி நிறுத்தியிருந்தது. அதன்மேல் ஒரு வைக்கோல் தொப்பி, நீல நாடா வைத்தது, புதிதாகத் தெரிந்தது.

"இது என்ன?"

"பை."

"தெரியுது. எங்க போறதுக்கு?"

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள். அது வழுக்கி விழுந்தது. நான் எடுத்து வைத்தேன்.

"கெயில்தான் மடிச்சுக் குடுத்தா" என்றாள். "குவளையெல்லாம் அவளுக்குக் குடுத்துட்டேன். திருப்பிக் கேக்கணும். சிரிப்பா."

"நோரீன், நீ ஏன் சொல்லல?"

"கல்லு உங்கிட்ட இருந்துச்சு."

"அப்பறம் உங்கிட்ட வந்துச்சே."

"வந்துச்சு. நீ சம்மதம்னு சொன்ன பின்னாடி." கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "கூப்பிடாத வீட்டுக்கு வரேன்னு எப்படிடா சொல்றது? அதுவும் உங்கிட்ட."

நான் தரையில் உட்கார்ந்தேன். அடுப்பில் நெருப்பு இல்லை. மூட்டவும் தோன்றவில்லை. எத்தனையோ கோடைகளில் இங்கே வந்து ஆட்டைப் பற்றியும் பூசணிக்காயைப் பற்றியும் பேசிவிட்டுப் போயிருக்கிறேன். கேட்கவேண்டியதை மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

"அன்னிக்கு ஏன் நீ பேசல?" என்றேன்.

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை.

"பேசியிருந்தா நீ இருந்திருப்ப."

"ஆமா. இருந்திருப்பேன்."

"அதான் பேசல." கொஞ்ச நேரம் காலிச் சுவரைப் பார்த்தாள். "எங்கம்மா ஓஹையோல என்னை எப்படி வச்சிருந்தான்னு உனக்குத் தெரியாது. என்ன சட்ட போடணும், எந்தப் பையனோட பேசணும், கோயில்ல எந்த பெஞ்சுல உக்காரணும், எல்லாம் அவதான். 'எனக்காக இதச் செய்யமாட்டியா'ன்னு ஒரு கேள்வி கேப்பா. அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. அந்தக் கேள்விய என் பிள்ளகிட்ட மட்டும் கேக்கறதில்லன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். கல்லு கையில இருந்தப்ப அந்தக் கேள்விதான் தொண்டையில நின்னுச்சு. முழுங்கிட்டேன். பெரிய காரியம் பண்ணிட்டதா நெனச்சேன்."

"எனக்கு ஏழு வயசு, நோரீன்."

"தெரியும்."

"நாய்க்காகப் போனேன்."

"தெரியும்டா. எல்லாருக்கும் தெரியும். அதையும் மதிச்சோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. பிறகு அது நின்றுபோனது. கீழே ஓடைச் சத்தம் கேட்டது.

"பாலம் வரைக்கும் ஓடி வந்தேன்" என்றாள். "வண்டி போனப்பறம். நாய் தலைய வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. உன் தல தெரியல. கூப்பிட்டா நிறுத்தியிருப்பான் வாரன். நின்னுட்டேன்."

நான் எழுந்தேன். "வா" என்றேன். "இப்ப வா. பை தயாரா இருக்கு. அங்க ரூம் தயாரா இருக்கு. கிராசியேலா மஞ்சள் அடிச்சு வச்சிருக்கா."

நோரீன் ஜன்னலைக் காட்டினாள். கீழே சரிவில் டெல் மெத்தையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தான். கொஞ்ச தூரம் ஏறுவான், மெத்தையைப் புல்லில் போட்டு அதன்மேலேயே உட்காருவான். மறுபடி தூக்குவான்.

"அவன் காதுல 'நான் இருக்கேன்'னு விழுந்துருச்சு" என்றாள். "அத எப்படித் திருப்பி எடுக்கறது?"

"மறுபடி வட்டம் கூட்டலாம். நான் பேசறேன்."

"என்னன்னு பேசுவ? பையப் பாத்தேன், பாவமா இருந்துச்சுன்னா?"

"பாவம் இல்ல."

"எனக்குத் தெரியும் அது இல்லன்னு. ஆனா ராத்திரி படுத்தா எனக்கு அப்படித்தான் தோணும்." என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் ஒருமுறை வைத்துவிட்டு விட்டாள். "கல்லு போயிருச்சு ஜூனிப்பர். அது உன் கையில இருக்கறப்போ சொல்லியிருந்தா பையத் தூக்கிட்டு முன்னால போயிருப்பேன். டெல் கத்தியிருப்பான், ரெண்டு நாள்ல அடங்கியிருப்பான். இப்ப அவன் மெத்தையோட வரான்."

டெல் வாசலில் வந்து மூச்சு வாங்கினான். "மலை ஒசந்துருச்சு" என்றான். "போன வருஷம் இவ்ளோ ஒசரம் இல்ல." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நீலப்பையைப் பார்த்தான். பிறகு மெத்தையை முன்னறையில் விரித்து, அதன் மூலைகளைச் சரிசெய்துகொண்டே இருந்தான்.

நான் புறப்படும்போது நோரீன் பையைக் காட்டி, "இத எடுத்துட்டுப் போ" என்றாள்.

"எதுக்கு?"

"உங்க ஊர் வெயிலுக்குன்னு எடுத்து வச்சது. எல்லாம் மெல்லிசுப் பருத்தி. இந்தக் குளிருக்கு எனக்கு ஆகாது. தொப்பிய உள்ள திணிக்காத, வளைஞ்சிரும்."

பையைப் பின்னிருக்கையில் வைத்தேன், தொப்பியை அதன்மேல். கெயில் வேலியோரம் நின்றிருந்தாள். வண்டி ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். "பாலத்துல மெதுவாப் போ, பலக ஆடுது" என்று மட்டும் சொன்னாள்.

பாலத்தைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். பாலமும் அதற்கு அப்பால் பாதையும் தெரிந்தன. அவளால் இனி இவ்வளவு தூரம் நடக்க முடியாது. தெரிந்தும் கொஞ்ச நேரம் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நெடுஞ்சாலையில் கிராசியேலாவின் அழைப்பு வந்தது. "வராங்களா?"

"பை வருது."

"என்னது?"

நோரீன் கொடுத்துவிட்ட உடுப்புகளைப் பற்றிச் சொன்னேன். "கேட்டியா, சொன்னியா?" என்றாள்.

"ரெண்டும் இல்ல."

"பாத்து ஓட்டு" என்று வைத்துவிட்டாள்.

இப்போது அந்த உடுப்புகள் மஞ்சள் அறையின் அலமாரியில் தொங்குகின்றன. கிராசியேலா ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டு மாட்டினாள். தொப்பியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கெயிலின் கைபேசிக்குக் கூப்பிடுவேன். கெயில் அதைக் குடிசைக்கு எடுத்துப்போய்க் கொடுக்க, நோரீன் பேசுவாள். மழையைப் பற்றிச் சொல்வாள். டெல்லின் குறட்டையைப் பற்றிச் சொல்வாள். அவனுக்கு இப்போது நெஞ்சுச்சளி. அவள்தான் இரவில் எழுந்து அவனுக்கு வெந்நீர் வைத்துக்கொடுக்கிறாள், அடுப்புக் கதவை மறக்காமல் மூடுகிறாள் என்று கெயில் சொன்னாள்.

போன ஞாயிறு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கிராசியேலா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "ரூம் அப்படியே கெடக்கு நோரீன், எப்ப வரீங்க?" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவன் என்ன சொல்றான்னு கேக்கறாங்க" என்று தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். அது அவள் காதுச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

"வா நோரீன்" என்றேன். "எனக்காக வா."

பின்னால் டெல் இருமும் சத்தம் மட்டும் வந்தது.

"அவன் இப்பத்தான் கொஞ்சம் கண் அசந்தான்" என்றாள் நோரீன். "நான் இல்லாட்டி ராத்திரி அவனப் பாக்க ஆளில்ல." பிறகு கேட்டாள்: "அந்தத் தொப்பிய எங்க வச்சிருக்க?"

"சுவத்துல மாட்டியிருக்கு. ஜன்னலுக்கு எதிர."

"வெயில் படுமா?"

"சாயங்காலம் படும்."

"அங்க மாட்டாத. நாடா வெளுத்துரும்."

பேசி முடித்ததும் அறைக்குப் போனேன். சாயங்கால வெயில் அந்தச் சுவரில்தான் விழுந்திருந்தது. தொப்பியை எடுத்துக் கதவுக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தில் மாட்டினேன்.